யூதாஸ் வேடம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் பெரிய வெள்ளிக்கு ஒரு நாடகம் போட ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூத்தவர் ஒருவர் கடுமையாக எதிர்க்கிறார். இயேசு வேடத்தை ஒரு மனுஷன் போடுவதே தப்பு, நாடகம் உலகத்தாரின் காரியம், விசுவாசிக்கு ஆகாது என்கிறார். போதாததற்கு யூதாஸ் வேடம் என் தம்பிக்கு. ‘அந்தச் சாபம் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும்’ என்று அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நாடகம் கிறிஸ்தவத்துக்கு விரோதமானதா?

ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரியவரைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்வதைத்தான் சுமார் 200-ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் என்ற ஆதித்திருச்சபை எழுத்தாளர் ஒரு நூலாகவே எழுதினார். அவருக்குக் காரணமும் இருந்தது. ரோமானிய நாடகங்கள் அவர்களுடைய தெய்வங்களின் திருவிழாக்களோடு பிணைந்திருந்தன. மக்கள் வேடிக்கை பார்க்கப் போன அதே அரங்குகளில் கிறிஸ்தவர்களை மிருகங்களுக்கு இரையாகவும் போட்டார்கள். 314-இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள், நடிப்புத் தொழிலை விடாதவரை நடிகர்களுக்கு நற்கருணை கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சுமார் 970-இல் இங்கிலாந்துத் துறவிகளுக்காக ஓர் ஒழுங்குநூல் எழுதினார்கள். ஈஸ்டர் விடியற்காலை வழிபாட்டில் யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்த துறவி ஒருவர், வேறேதோ வேலையாக வந்தவர்போல உள்ளே வந்து, கல்லறையாகக் குறித்த இடத்தில் கையில் குருத்தோலையோடு சத்தமில்லாமல் உட்கார வேண்டும். தூபக்கலசம் ஏந்திய மூவர் எதையோ தேடுகிறவர்களாகத் தயங்கித் தயங்கி வர வேண்டும். ‘யாரைத் தேடுகிறீர்கள்?’ என்று அவர் இனிமையாகப் பாடிக் கேட்பார். கடைசியில் அந்த மூவரும் உடல் சுற்றியிருந்த துணியை எடுத்து விரித்து, உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் காட்டுவார்கள்.

இது ஒத்திகைக் குறிப்பு இல்லாமல் வேறென்ன? அந்த மூவரும் கல்லறைக்குப் போன பெண்கள். பெண் வேடத்தில் நின்றவர்கள் துறவிகள். ஐரோப்பாவின் இடைக்கால நாடகத்தில் பெரும்பகுதி இப்படிப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் முளைத்ததுதான். சீர்திருத்த சபைகள் பிறகு அதைச் சந்தேகத்தோடு பார்த்தன. இங்கிலாந்தின் யார்க் நகரத் தொழில்குழுக்கள் தெருவில் நடத்திவந்த வேதாகம நாடகங்கள் 1569-உடன் நின்றன. உங்கள் பெரியவரின் எரிச்சல் இந்த வழியில் வந்ததாக இருக்கும்.

கத்தோலிக்கர்களுக்கு இந்தக் கூச்சம் குறைவு. விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை உங்கள் மாவட்டத்துக்காரர். வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது 2022-இல்தான். யாழ்ப்பாணக் கடலோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் அதற்கு வெகுகாலம் முன்பே அவர் கதையை அண்ணாவியார் (கூத்து ஆசிரியர்) பழக்கிக் கூத்தாக ஆடிவிட்டார்கள்.

ஆக, ‘ஆகுமா ஆகாதா’ என்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பெரியவர் நடிப்பவனுக்காகப் பயப்படுகிறார். நான் பயப்படுவது பார்ப்பவனுக்காக.

ஜெர்மனியின் பவேரியாவில் ஒபராமர்காவ் என்று ஒரு ஊர். 1633-இல் கொள்ளைநோய் வந்தபோது, தப்பினால் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிறோம் என்று ஊரே நேர்ந்துகொண்டது. 1634-இல் தொடங்கி, இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. உள்ளூர்க்காரர்களும் அங்கே 20 ஆண்டு வாழ்ந்தவர்களும்தான் நடிக்கலாம். முந்தைய ஆண்டுச் சாம்பல் புதனிலிருந்தே முடி வெட்டக்கூடாது, தாடி வழிக்கக்கூடாது. இதைவிடப் பக்தியான நாடகம் எங்கே இருக்கப்போகிறது? ஆனால் அந்த மேடையில் யூதர்கள் காலங்காலமாகக் கொடூரக் கும்பலாகவே வந்தார்கள். 1934-இல் ஹிட்லர் போய்ப் பார்த்தார். யூத ‘ஆபத்தை’ விளக்க இதுபோல் ஒன்றில்லை என்று பிற்பாடு மெச்சியும் பேசினார். நடித்தவர்கள் ஜெபம் பண்ணாமல் மேடையேறியிருக்க மாட்டார்கள். தப்பு இருந்தது பிரதியில்.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1990-இல் கிறிஸ்டியான் ஷ்டூக்ல் முதல்முறையாக அந்த நாடகத்தை இயக்கினார். ‘இவருடைய இரத்தப்பழி எங்கள்மேல்’ என்று கூட்டம் கத்தும் வசனம் 2000-இல் போனது. இப்போது அந்த மேடையில் இயேசு யூதராகவே இருக்கிறார், எபிரெயத்தில் ஜெபிக்கிறார். கூட்டத்திலும் அவருக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. 2022-இல் யூதாஸாக நடித்தவர்களில் ஒருவர் அந்த ஊரின் முஸ்லிம் இளைஞர். இதை அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

அதனால் ஒத்திகையில் நீங்கள் பார்க்க வேண்டிய இடம் கூட்டக் காட்சி. யூதர்களுக்கு மட்டும் கறுப்பு அங்கியும் வளைந்த மூக்கும் ஒட்டிவிடாதீர்கள். பேதுருவும் மரியாளும் யூதர்கள்தானே! எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை கொடுங்கள். ‘சிலுவையில் அறையும்’ என்று கத்துகிறவர்களை மேடையில் நிறுத்தாமல் சபையார் நடுவில் உட்கார்த்தி வையுங்கள். பெரியவர் சம்மதித்தால் அவரையும்!

தம்பி வேடத்தை விட வேண்டாம். நன்றாக நடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும். நான் பார்த்த நாடகங்களில் யூதாஸ் முத்தமிட்டதும் காணாமல் போய்விடுகிறான். மத்தேயு 27-ஐ எடுத்துப் பாருங்கள். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்து ‘பாவஞ்செய்தேன்’ என்கிறான். ஆசாரியர்கள் ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்று விரட்டுகிறார்கள். அந்தக் காட்சியைச் சேர்த்தால் ஐந்து நிமிடம் கூடும். பிலாத்துவின் அரண்மனையில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம், அங்கே எப்போதும் வசனம் அதிகம்.