உயரம் குறைவாக இருந்தால் தொழில்முறைக் கால்பந்தில் சாதிக்க முடியாதா?

எந்த இடத்தில் ஆடுகிறார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கோல்கீப்பர் என்றால் உயரம் வேண்டும், மழுப்ப ஒன்றுமில்லை. கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், குறுக்குக் கம்பம் 2.44 மீட்டர் உயரத்தில். நடுவில் நிற்பவருக்குப் பக்கத்துக்கு 3.66 மீட்டர் பொறுப்பு. கை எட்டாதவர் முன்கூட்டியே நகர வேண்டியிருக்கும். நகர்ந்தால் அடிப்பவர் பந்தை மறுபக்கம் தள்ளிவிடுவார். மெக்சிகோவின் ஹோர்ஹே காம்போஸ் 168 செ.மீ. உயரத்தோடு உலகக் கோப்பையில் ஆடினார். கோல் கோட்டை விட்டு முன்னேறி வந்து பந்தைப் பறிப்பது அவர் பாணி. அவரைக் காட்டி யாரையும் கோலில் நிறுத்தாதீர்கள்.

கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக் இடத்தில்தான் கணக்கு சுவாரசியமாகிறது. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலியின் கேப்டன் ஃபாபியோ கன்னவாரோ சுமார் 176 செ.மீ.தான். நின்ற இடத்திலிருந்து எம்பி உயரமானவரை வெல்லப் பார்ப்பதுதான் குள்ளமான தடுப்பாளர்கள் செய்யும் பெரிய தவறு. நாலடி ஓடி வந்து ஒற்றைக் காலில் எம்பினால் கிடைக்கும் உயரமே வேறு. 2010 உலகக் கோப்பை அரையிறுதியில் ஸ்பெயினின் சாவி அடித்த கார்னருக்கு 178 செ.மீ. புயோல் அப்படித்தான் ஓடிவந்து தலையால் முட்டினார். ஜெர்மனியின் தடுப்பில் 198 செ.மீ. மெர்டசாக்கர் இருந்தும் பலனில்லை. ஓடிவர இடமில்லையா? எதிராளி வசதியாக எம்ப முடியாதபடி உடம்போடு ஒட்டி நில்லுங்கள், முதுகில் கை வைக்காமல். வைத்தால் ஃபவுல். பிறகு தலையில் பட்டுக் கீழே விழும் பந்துக்குப் பாயுங்கள்.

நடுக்களத்தில் குட்டையாக இருப்பது நஷ்டமே இல்லை. காலடி சிறிதானால் கால் தரையை அடிக்கடி தொடும், சட்டென்று திரும்பலாம். சாவி, இனியெஸ்தா, மெஸ்ஸி மூவரும் ஏறத்தாழ 170 செ.மீ.

உயரம் உண்மையில் ஆளைக் கழிப்பது 13, 14 வயதுத் தேர்வுகளில்தான். அந்த வயதில் சீக்கிரம் வளர்ந்தவன் உடம்பாலேயே ஜெயித்துவிடுகிறான். பயிற்சியாளர் அதைத் திறமை என்று குறித்துக்கொள்கிறார். மற்றவர்களும் வளர்ந்த பிறகு, 18 வயதில் அந்த அனுகூலம் கரைந்திருக்கும்; கழிக்கப்பட்டவனோ திரும்பி வருவதில்லை. இதனால்தான் இங்கிலாந்து அகாடமிகள் சில ஆட்டங்களில் பிறந்த வருடத்தைப் பார்க்காமல் உடல் முதிர்ச்சியைப் பார்த்து அணி பிரிக்கின்றன.

பையனின் உயரத்தைத் தோராயமாகக் கணிக்க ஒரு வழி உண்டு: அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 155 என்றால் 168 செ.மீ. எட்டு சென்டிமீட்டர் வரை கூடலாம், குறையலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்து வாருங்கள். திடீரென்று வளரும் மாதங்களில் பந்துக் கட்டுப்பாடு தடுமாறும், முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கும். அப்போது எம்பும் பயிற்சியைக் குறைத்துவிட்டுப் பாஸ் பயிற்சியைக் கூட்டுங்கள்.