நாளொரு சித்திரம், ஊசியும் நூலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: செய்தித்தாளில் படித்ததையோ பயணத்தில் கண்டதையோ தினமும் துணியில் எம்பிராய்டரியாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆனால் செய்திகளில் பாதி துயரமானவை. படத்தைப் பார்த்து அப்படியே தைக்க நேரமும் இல்லை. எப்படித் தொடங்கலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: படத்தை அப்படியே தைக்க வேண்டாம், அதில் உங்கள் மனத்தில் தங்கிய ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது நினைவிருக்கலாம். அந்தச் செய்திக்குப் பழுப்பு நூலில் நான்கைந்து வரி ஓட்டுத் தையலும் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் எளிய தையல்), அதன்மேல் ஒரு ரயில் பெட்டியின் சன்னல்களும் போதும்.

பிரான்சின் பேயூ நகரத்துக்கு உரிய, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பதினோராம் நூற்றாண்டுத் துணியும் இந்த முறையில்தான் கதை சொல்கிறது. 1066இல் வடபிரான்சின் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வரலாற்றை லினன் துணியில் கம்பளி நூலால் தைத்தவர்கள், அதே ஆண்டு வானில் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரத்தையும் விட்டுவிடவில்லை: ஒரு விண்மீன், அதன் பின்னே சில கதிர்கள், அண்ணாந்து விரல் நீட்டும் ஒரு சிறு கூட்டம், அவ்வளவுதான்.

துயரச் செய்திகளைப் பற்றி நீங்கள் கேட்டது முக்கியமானது. சிலி நாட்டில் 1973இல் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத் துணிமேல் துண்டுத் துணிகளை வைத்துத் தைத்து, கைதுகளையும் தேடல்களையும் பளிச்சென்ற நிறங்களிலேயே பதிவு செய்தார்கள். பீகாரின் பூசுரா கிராமத்துப் பெண்கள், பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் சுஜனி வேலையில் வரதட்சணைக் கொடுமையைச் சித்திரமாக்கியிருக்கிறார்கள். இரு இடத்திலும் அவர்கள் தைத்தது தாங்களே பட்ட துன்பத்தை. ஆகவே தொலைவில் நடந்த ஒரு மரணம் உங்கள் துணியில் வெறும் அலங்காரமாகிவிடும் என்று தோன்றினால், தயங்காமல் அன்றைக்கு வேறு செய்தியைத் தேர்ந்தெடுங்கள். வெங்காய விலையும் செய்திதானே!

அளவைச் சிறிதாக வைத்துக்கொண்டால்தான் பழக்கம் நிலைக்கும். காடாத் துணியில் பென்சிலால் 5 செ.மீ. சதுரக் கட்டங்கள் போட்டு, நாளுக்கு ஒன்று, அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்தும் தையல் முடியாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். மறுநாள் அதையே தொடர்ந்தால் வேலை சேர்ந்துகொண்டே போய், ஒரு வாரத்தில் ஊசியைத் தொடவே மனம் வராது. ஆறு இழை நூலில் இரண்டு இழைகளை மட்டும் பிரித்தெடுத்துத் தைத்தால், இவ்வளவு சிறிய கட்டத்திலும் கோடுகள் தெளிவாக விழும்.

கேள்வி: பயணத்தின்போதே தைப்பது நல்லதா, ஊர் திரும்பித் தைப்பது நல்லதா?
- வாசகர், மதுரை

பதில்: உருவத்தின் வெளிக்கோட்டை அன்றிரவே தங்கும் இடத்தில் காம்புத் தையலாக (முறுக்கிய கயிறுபோல் தொடர்ந்து வரும் கோட்டுத் தையல்) போட்டுவிட்டு, உள்ளே நிரப்புவதை வீட்டுக்கு ஒத்திவைக்கலாம். ஓடும் ரயிலில் ஓட்டுத் தையல் வரும். முடிச்சுத் தையலும், இடைவெளியின்றி நெருக்கமாக நிரப்பும் சாட்டின் தையலும் ஆட்டத்தில் கோணிப்போகும். பயணம் முடிந்ததும் முதலில் மறந்துபோவது நிறம்தான் என்பதால், பார்த்த இடத்திலேயே பொருத்தமான நூல் துண்டுகளை ஓர் அட்டையில் சுற்றி, ஊரையும் தேதியையும் குறித்து வைப்பது, கைப்பேசிப் படத்தைவிட நம்பகமானது. பாம்பனுக்குப் போகிறீர்கள் என்றால் கடல் முழுவதையும் தைக்க முயல வேண்டாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கப்பலுக்கு வழிவிடச் செங்குத்தாக மேலெழும் பகுதியையும் அதன் இரு பக்கக் கோபுரங்களையும் சாம்பல் நிற நேர்த்தையலில் (தனித்தனி நேர்கோடுகளாக விழும் தையல்) போட்டாலே பார்ப்பவர்களுக்கு இடம் புரிந்துவிடும்.

கேள்வி: துவைத்தால் சிவப்பு நூல் சாயம் போகுமா?
- வாசகி, சேலம்

பதில்: மலிவான நூலில் போகலாம். தைக்கும் முன்பே சிறு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலைத் தவிர்த்துவிடுங்கள். துணியையும் முதலிலேயே ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டால், பிறகு சுருங்கித் தையலை இழுக்காது.