தடம் விழட்டும்

அன்புள்ள அம்மா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நீங்கள் கேமரன் மலையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் இதை உங்களுக்கே எழுதத் தோன்றியது. சென்ற மாதம் நாங்கள் மூன்று பேர் வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல், கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பி, தானா ராத்தாவிலிருந்து 10-ஆம் எண் பாதையில் ஜாசார் மலை ஏறினோம். முந்தைய இரவெல்லாம் மழை. முழங்கால் வரை சேறு. இறங்கும்போது ஒரு பிரிவில் தவறிவிட்டோம். நான்கு மணி நேரம் சுற்றி, கடைசியில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வந்து விழுந்தோம். நண்பனின் கணுக்கால் கொஞ்சம் பிசகியது. மற்றபடி அது என் வாழ்வின் மிகச் சிறந்த நாள்.

வழிகாட்டியோடு போயிருந்தால் அந்த நாள் கிடைத்திருக்காது. காட்டில் மனிதன் தனியாக இருக்க வேண்டும், அப்போதுதான் காடு பேசும் என்று நினைக்கிறேன். ஜிம் தாம்சன் காணாமல் போன காட்டில் நடக்கிறோம் என்ற எண்ணமே சிலிர்ப்பாக இருந்தது. அடுத்து ஈராவ் மலைக்கும் இப்படியே போக எண்ணம். வழிகாட்டி அவசியம்தானா? இந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதலாமா? சேற்றுக்கு எந்தக் காலணி நல்லது?

அன்புடன்,
எஸ்., கிள்ளான்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பேத்தி பள்ளிவிட்டுத் திடல் வழியாக வருகிறாள். திடலின் நடுவே பிள்ளைகள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. மழை பெய்தால் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கும். பிள்ளைகள் அதைச் சுற்றிப் புல்லில் போகிறார்கள். புல் செத்து அங்கேயும் சேறு. மறுநாள் அதையும் சுற்றுகிறார்கள். போன வருடம் ஓரடி அகலம் இருந்த இடம் இப்போது எருமை படுத்த குட்டை போலக் கிடக்கிறது. ஜன்னலில் நின்று இதைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. அன்று பேத்தி வழுக்கி விழுந்து வந்தாள். சப்பாத்தை ஏன் சேற்றில் விட்டாய் என்பது என் மகளின் கட்சி. சேற்றை ஏன் சுற்றிப் போனாய் என்பது என் கட்சி. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வரவில்லை. அந்தக் கோபத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் சேறு வந்தது.

வாழ்வின் மிகச் சிறந்த நாள் என்கிறீர்கள். நம்புகிறேன். இருபத்தைந்து வயதில் வழி தவறித் திரும்பி வருவதைப் போல உடம்புக்கு மகிழ்ச்சி தருவது வேறில்லை. அந்தக் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள் உங்கள் கண்ணுக்குக் கோயில் கோபுரம் போலத் தெரிந்திருக்கும். காடு இருந்த இடம் அது. எங்களுக்கெல்லாம் அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஜிம் தாம்சனை விட்டுவிடுங்கள். 1967-இல் அவர் காணாமல் போனபோது எனக்குப் பத்து வயது. மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்தில் பட்டு வணிகம் செய்த அமெரிக்கர், விருந்தாளியாகத் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து பிற்பகலில் நடந்து போனார், திரும்பவில்லை. போலீஸ், படைவீரர், பூர்வகுடியினர், பொமோ என்னும் மலாய் மந்திரவாதிகள் வரை நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளை ஒரு வாரம் வெளியே விடவில்லை. இதில் சிலிர்க்க என்ன இருக்கிறது? ஒருவர் காலாற நடக்கப் போனதற்கு எத்தனை பேர் நாள்கணக்கில் அட்டைக்குக் காலைக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்கு நினைவு ஓடுகிறது. அதில் எவர் பெயரும் உங்களுக்கோ எனக்கோ தெரியாது.

காடு பேசும் என்பதையும் விட்டுவிடலாம். காடு பேசாது. மழை பெய்தால் சத்தம் கேட்கும், நின்றபின் ஒரு மணி நேரம் இலை சொட்டும்.

வழிகாட்டி இல்லாமல் போனோம் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 10 என்று பலகையில் எழுதி வைத்தவர் யார்? விழுந்த மரத்தை அறுத்து வழிவிட்டவர் யார்? உங்கள் கைப்பேசியில் தெரிந்த கோடு யாரோ ஒருவர் முன்பே நடந்து விட்டுச்சென்ற கோடுதானே? இத்தனை பேரின் முதுகில் ஏறிப் போய்விட்டு ஒருவரும் இல்லாமல் போனோம் என்று எழுதுகிறீர்கள். நீங்கள் கூலி கொடுக்காத வழிகாட்டிகள் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வழக்கம் உங்களிடம் தொடங்கியதும் இல்லை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்தப் பக்கம் வந்தார். மலைகளுக்கு நடுவே சரிவு குறைந்த மேட்டுநிலம் கிடக்கிறது என்று அறிக்கை எழுதினார், மலைக்கு அவர் பெயர் ஆயிற்று. அவரோடு யானைகளோடு நடந்த குலோப் ரியாவ் என்பவரைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் இருவருக்கும் முன்னால் செமாய் என்ற பூர்வகுடி மக்கள் அந்தச் சரிவுகளில் தினை விதைத்துக்கொண்டும் பெர்த்தாம் என்ற பனையின் ஓலையால் கூரை வேய்ந்துகொண்டும் இருந்தார்கள். அவர்களுக்கு அது கண்டுபிடிக்க வேண்டிய இடமாகத் தோன்றியிருக்காது. பிறகு தாப்பாவிலிருந்து சாலை ஏறியது, 1929-இல் தேயிலை வந்தது, தேயிலைக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டியோடு என் பாட்டி வந்தார். வந்தவர்கள் எல்லாரும் யாரோ போட்ட தடத்தில்தான் வந்தோம்.

தடம் என்றதும் என் அம்மா வந்துவிடுகிறார்.

தாம்சன் தொலைந்ததற்கு முந்தைய வருடம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை இல்லை, விறகு வேலை. தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். பூர்வகுடியினர் நடந்த பாதை ஒன்று உள்ளே போகும் (அவர்களை அன்று லயத்தில் நாங்கள் சொன்ன பெயரை இன்று எழுத மாட்டேன்). நாங்கள் இருவரும் வெறுங்கால். சேறு வந்தால் நான் ஓரத்து வேருக்குத் தாவுவேன். அம்மா பின்னாலிருந்து அதட்டுவார்: “ஓரமாகப் போகாதே. நடுவில் மிதி. தடம் விழட்டும்.” அட்டைக்குப் பயப்படுகிற பிள்ளையைச் சேற்றில் மிதிக்கச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

அன்று கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டோம். பிற்பகல் மூடுபனி இறங்கியது. அங்கே பனி இறங்குவது என்றால் பத்தடிக்கு அப்பால் இருந்த மரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். அம்மா தலையில் விறகுக் கட்டோடு நின்றார். பிறகு குனிந்து சேற்றைப் பார்த்தார். அம்மாவின் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, மண்வெட்டி பட்டுப் போனது. நான்கு விரல் பதிந்த ஒரு காலும் பக்கத்தில் என் சின்னக் காலும் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எதிராக நடந்தோம். இடையிடையே அகலமான வேறொரு கால், பெருவிரல் நன்றாக விலகி, தடத்தில் தண்ணீர் தேங்கி இருக்கும். “அந்தக் கால் இருக்கிற வரைக்கும் இது பாதை” என்றார் அம்மா.

ஒரு பள்ளத்தில் எங்கள் தடம் அறுந்துவிட்டது. வரும்போது அந்த இடத்தில் கணுக்காலில் அட்டை ஏறியிருப்பதைப் பார்த்து நான் அலறியிருந்தேன். அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்து வேர்கள் மேலேயே நடந்து கடந்திருந்தார். வேரில் என்ன பதியும்? எதிரே இரண்டு இடைவெளிகள், இரண்டும் பாதை போலவே இருந்தன.

என்னை ஒரு வேரில் உட்கார வைத்து, அசையாதே என்றார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், பதில் சொல்லிக்கொண்டே இரு என்றார். பத்து அடி ஒரு பக்கம் போனார், திரும்பி வந்தார். பத்து அடி மறுபக்கம். மறுபடி முதல் பக்கம், கொஞ்சம் தள்ளி. பனிக்குள்ளிருந்து என் பெயர் வரும், நான் “ஆமாம்மா” என்பேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. இருட்டத் தொடங்கிய நேரத்தில் நான்கு விரலைக் கண்டுபிடித்தார். வந்து என் முதுகில் ஓர் அறை வைத்தார். அவ்வளவு நேரமும் தலையிலிருந்த விறகுக் கட்டை இறக்கவே இல்லை.

இதைச் சொல்வது உங்களை உருக்குவதற்காக இல்லை. நீங்கள் ஜாசார் சேற்றை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். முழங்கால் வரை சேறு என்று எழுதுகிறவர் அதில் ஒரு முறைதான் காலை விட்டிருப்பார். அதன்பின் ஓரத்துப் பெரணிச் செடியை மிதித்துக்கொண்டு, சின்ன மரங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சுற்றித்தான் போயிருப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆயிரம் ரிங்கிட் சப்பாத்து போட்டவர்கள் முதலில் செய்கிறார்கள்.

அந்த உயரத்தில் மண் என்பது மண்ணே இல்லை. குளிரில் இலை மெதுவாக மக்கும். மக்காத இலையும் பாசியும் வேரும் பின்னிக் கிடக்கிற ஒரு மெத்தைதான் அது. அதில்தான் எல்லாம் நிற்கிறது, குடுவைச் செடி முதல் வளைந்த மரங்கள் வரை. ஒரு கால் விழுந்தால் பஞ்சு போல அமுங்கும். நூறு கால் விழுந்தால் பாசி செத்து, வேர் வெளியே தெரியும். வேரின் தோல் உரிந்ததும் அதில் மழைத்தண்ணீர் ஓட வழி கிடைக்கும். அடுத்து வருகிறவர் இன்னும் ஓரடி தள்ளி மிதிப்பார். ஒரு பாதை மூன்றாகும், மூன்று நடுவில் ஒரு திட்டைச் சுற்றி வளைந்து மறுபடி சேரும், சேராமலும் போகும். நீங்கள் அழித்தது வெறும் பாசி என்று நினைக்கலாம். அது மறுபடி வளர்ந்து மெத்தையாவதைப் பார்க்க நீங்களும் இருக்க மாட்டீர்கள், உங்கள் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் ஊகம்தான். நீங்கள் தவறியதாகச் சொல்லும் அந்தப் பிரிவு நிஜப் பிரிவாக இருந்திராது. உங்களுக்கு முன்னால் சேற்றுக்குப் பயந்தவர்கள் போட்ட கிளையாக இருந்திருக்கும். நல்ல பாதை எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? காய்ந்த, சுத்தமான வழியைப் பார்த்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். மழைக்காட்டில் காய்ந்து கிடக்கும் வழியை நம்பாதீர்கள். பலரும் போகும் வழி குழம்பிக் கிடக்கும். ஆகவே சேற்றின் நடுவில் காலை வையுங்கள். அசிங்கமாக இருக்கும், உறிஞ்சும், ஒரு சப்பாத்து உள்ளே போய்விடும். கையை விட்டு எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி நடுவிலேயே வையுங்கள்.

சப்பாத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. தோட்டப்புறத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடிடாஸ் கம்போங் என்று கேலியாகச் சொல்வார்களே, அது போதும். அடியில் முள் முள்ளாக இருக்கும், தண்ணீர் குடிக்காது, ஓடையில் அலசினால் முடிந்தது.

வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கு என்று உங்களுக்கு யாராவது சொல்லித்தந்திருப்பார்கள். மேட்டுநிலத்தில் ஓடை அருவியின் தலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் குதித்துவிடும். நின்ற இடத்திலேயே உட்காருங்கள். காட்டுக்குள் மாலை ஏழு மணிவரை வெளிச்சம் நிற்காது, ஆறரைக்கே கை தெரியாது.

ஈராவ் 2,110 மீட்டர். பாசி பிடித்த காடு, வேர்களுக்கு நடுவில் குழி, குழிக்குள் சேறு. வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அங்கே வழிகாட்டியோடு போ என்றால் வாதாடாமல் போங்கள். லோஜிங் பக்கம் ரஃப்லேசியா பூ பார்க்க பூர்வகுடியினர்தான் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் உங்கள் தனிமையைக் கெடுக்க மாட்டார்கள். அவர்களில் பலர் உங்களைவிடக் குறைவாகத்தான் பேசுவார்கள். கொடுக்கிற பணத்தைக் காட்டுக்கான டிக்கெட் என்று நினைக்காதீர்கள், பழைய கடனில் ஒரு தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை எழுதுங்கள், அனுப்புங்கள், வாசிக்கிறேன். ‘தனியாக’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். மூன்று பேர் போனீர்கள். அந்த நண்பர் பிசகிய காலோடு நான்கு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் நடந்தார்? யார் தோளில் கை போட்டு நடந்தார்? உங்கள் கடிதத்தில் அவருக்கு நான்கு சொற்கள்தான் இருக்கின்றன. அவர் கால் இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அம்மா