நோட்ஸ் எடுக்காம சுயசரிதை படிச்சா வேஸ்ட்டா?

கேள்வி: எனக்கு 54 வயசு. சுயசரிதை, வாழ்க்கை வரலாறுன்னா உயிர். ஆனா படிச்சு முடிச்சதும் வருஷம், தேதி ஒண்ணும் நினைவுல நிக்க மாட்டேங்குது. பையன் "நோட்ஸ் எடுத்துப் படிம்மா, இல்லன்னா எதுக்கு இவ்ளோ நேரம்"ங்கிறான். சும்மா ஆசைக்குப் படிச்சா வேஸ்ட்டா? அடுத்து எதைப் படிக்கலாம்?
— வாசகி, திருவாரூர்

பதில்: நோட்ஸ் எல்லாம் வேணாம்மா. பரீட்சையா எழுதப் போறீங்க? பக்கத்து வீட்டுப் பாட்டி சின்ன வயசுக் கதை சொன்னா கன்னத்துல கை வச்சுக்கிட்டு கேப்போம்ல, அதே ஆசையோட படிங்க, போதும்.

உங்க பக்கத்து ஊர்க்காரர்தான், உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையர், அவரோட 'என் சரித்திரம்' எடுங்க. 1940லேருந்து ஆனந்த விகடன்ல வாராவாரம் வந்த தொடர், அதனால அத்தியாயம் எல்லாம் சின்னச் சின்னதா இருக்கும், மொத்தம் 122, ராத்திரி சமையக்கட்டு வேலை முடிச்சுட்டு ஒண்ணு படிச்சா நாலு மாசம் ஓடிடும். 1880ல கும்பகோணத்துக்கு முன்சீப்பா (கீழ்க்கோர்ட் நீதிபதியா) வந்த சேலம் ராமசாமி முதலியார், இவரைப் பாத்து என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்குறார், இவரும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ்னு பெருமையா அடுக்கிக்கிட்டே போறார், அவரு கொஞ்சம்கூட அசரல, சீவக சிந்தாமணிங்கிற பழைய காப்பியம் படிச்சதுண்டான்னு ஒரே கேள்விதான். அந்த இடத்துல நமக்கே முகம் சூடாகும். அப்புறம் அது சமண நூல்னு தெரிஞ்சு, விளக்கம் கேக்க அங்க இருந்த ஜைனர் வீட்டுக்குப் போறார், வாசல்ல தோரணம் கட்டியிருக்கு, என்ன விசேஷம்னு கேட்டா, சிந்தாமணி படனம் (வாசிப்பு) இன்னிக்குத்தான் நிறைவாச்சுங்கிறாங்க! இவரு தேடி அலையுற புத்தகத்தை அந்த வீட்டுல கோயில் காரியம் மாதிரி படிச்சிட்டு இருந்திருக்காங்க. இவரு பதிப்பிச்ச சிந்தாமணி அச்சுல வந்தது 1887, அந்த வருஷம் மறந்தா மறந்துட்டுப் போகட்டும், தோரணம் மறக்காது. எனக்கு இன்னும் மறக்கல.

இவரோட தமிழ் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876ல இறந்து போற பகுதியை மட்டும் வீட்டுல ஆள் இல்லாதப்ப படிங்க. இவரு திருவாசகம் அடைக்கலப்பத்து படிக்க, சவேரிநாத பிள்ளைங்கிற கிறிஸ்தவ மாணவர் ஆசிரியரைத் தன் மார்புல சாய்ச்சுப் பிடிச்சிருப்பார். எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைச்சிடும்.

ஒரே வருத்தம், கதை 1890கள் முடியுற இடத்துலயே நின்னுடும், 1942ல அய்யர் காலமாயிட்டார். 1937ல குறுந்தொகை பதிப்பிச்ச கதையெல்லாம் அவர் வாயால நமக்குக் கிடைக்கல. அதுக்கப்புறம் அவரோட மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதின 'என் ஆசிரியப்பிரான்' இருக்கு, அதைக் கையில எடுங்க. அய்யர் தன் ஆசிரியர் பிள்ளையோட சரித்திரத்தைத் தனியா எழுதினார், அவரைப் பத்தி அவர் மாணவர் எழுதினார். மூணையும் வரிசையா படிச்சா மூணு தலைமுறை ஒரே வீட்டுத் திண்ணைல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்.

கேள்வி: சுயசரிதை எழுதுறவங்க தங்களை நல்லவங்களாத்தானே காட்டிப்பாங்க, அதை எப்படி நம்பிப் படிக்கிறது?
— வாசகர், கடலூர்

பதில்: கொஞ்சம் காட்டிக்கத்தான் செய்வாங்க, எதைச் சொல்லாம தாண்டுறாங்கன்னு கவனிக்கிறதும் ஒரு ருசிதான். அது பிடிக்கலன்னா டைரி படிங்க. உங்களுக்குப் பக்கம்தானே புதுச்சேரி, அங்க பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேகிட்ட துபாஷியா (மொழிபெயர்த்துச் சொல்றவரா) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதியிருக்கார். இன்னிக்கு என்ன கப்பல் வந்துச்சு, துரை யார் மேல கோவமா இருந்தார், யார் என்ன கோள் சொன்னாங்கன்னு அன்னன்னிக்கு எழுதினது, நாளைக்கு என்ன ஆகும்னு அவருக்கே தெரியாது. 1761 ஜனவரில அவர் கண்ணை மூடினார், சில நாள்லயே புதுச்சேரி இங்கிலீஷ்காரங்க கைக்குப் போயிடுச்சு. தமிழ் நடை பழசு, முதல் அம்பது பக்கம் கஷ்டப்படுத்தும், வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, காதுக்குச் சட்டுனு பழகிடும்.