அடுப்படி அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எங்கள் அம்மாவுக்கு அடுத்த மாதம் 60 வயது நிறைகிறது. பினாங்கில் வெல்ட் கீ பக்கம் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை அழகாக மாற்றி ஜப்பானிய சூஷி உணவகம் நடத்துகிறார்கள். அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மா சுத்த சைவம். "வெஜிடேரியன் சூஷி இருக்கு, கவலைப்படாதே" என்கிறான். போகலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் தம்பி பேச்சை நம்பி அப்படியே போய் உட்கார்ந்துவிடாதீர்கள். மேசைக்குப் பதிவு செய்யும்போதே, "மீன், இறால் மட்டுமல்ல, மீன் சாறுகூடச் சேரக்கூடாது" என்று சொல்லிவையுங்கள். வெறுமனே 'வெஜிடேரியன்' என்றால் போதாது.

பத்து ஃபெரிங்கியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நான் வேலை பார்த்தபோது, ஜப்பானியப் பிரிவின் அடுப்பு எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காலையில் அவர்களுக்கு முதல் வேலையே தாஷி என்கிற அடிப்படைச் சாறு வைப்பது. கொம்பு என்கிற காய்ந்த கடற்பாசிப் பட்டையை நீரில் போட்டு மெல்லச் சூடேற்றி, கொதி வரும் முன் எடுத்துவிடுவார்கள். அப்புறம் கட்சுவோபுஷி சீவலைக் கை நிறைய அள்ளிப் போடுவார்கள். நம்ம மாசிக் கருவாட்டுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். அதே சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டையாக இறுகும்வரை உலர்த்திச் சீவுவது. சற்று நேரத்தில் வடிகட்டினால் இளம் பொன்னிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். மீன் சேர்ந்தது என்று பார்த்து யாரும் சொல்ல முடியாது. மிசோ சூப், இனிப்பான முட்டை அடை, டெம்புரா என்கிற மாவில் தோய்த்துப் பொரித்ததற்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரி சூஷிக்கு டோஃபு தோலை வேகவைக்கும் சாறு எல்லாவற்றிலும் பெரும்பாலும் அந்த நீர்தான். மெனுவில் பச்சை இலை படம் போட்டிருந்தாலும் கேட்டுவிடுங்கள். முன்கூட்டியே சொன்னால் கொம்பும் ஷிதாகே காளானும் மட்டும் போட்டு சூப் வைத்துத் தர நல்ல சமையல்காரரால் முடியும்.

வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாக்கி, முள்ளங்கி ஊறுகாய் வைத்த ஓஷின்கோ மாக்கி, அவகாடோ சுருள் இவை அம்மாவுக்குச் சரிவரும். சோற்றில் சேருவது அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு. காய்கறி டெம்புரா என்றால், இறால் பொரித்த எண்ணெயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சமையல்காரருக்கு எதிரே கவுண்டரில் உட்கார்ந்து ஒமகாசே சாப்பிடத் தம்பி ஆசைப்படுவார். அன்றைக்கு வேண்டாம். என்ன பரிமாறுவது என்பதை அங்கே சமையல்காரரே தீர்மானிப்பார், ஒன்றன்பின் ஒன்றாக வருவது பெரும்பாலும் மீன். தலைக்குச் சில நூறு வெள்ளி கொடுத்துவிட்டு, அம்மா மீன் அறுக்கும் கத்தியையே பார்த்துக்கொண்டிருப்பதா? பிறந்தநாள் அவருக்குத்தானே. மேசையில் உட்காருங்கள். அவருக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சாப்ஸ்டிக் பிடிக்க வரவில்லை என்று அம்மா தயங்கினால், கையால் எடுத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். ஜப்பானியர்களே சூஷியைக் கையால் சாப்பிடுவதுண்டு.

இன்னொன்று. அந்தக் கிடங்குகளில் கூரை உயரம், செங்கல் சுவர், சிமெண்டுத் தரை. கூட்டம் சேர்ந்தால் பேச்சு எதிரொலித்துக் காது அடைக்கும். சீக்கிரமே போய் ஓரமாக இடம் கேளுங்கள். என் அப்பா அந்தக் கரையில் தொங்கான் என்கிற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்கியவர். 1969-இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுக உரிமை போனது. நம் ஆட்கள் எத்தனையோ பேரின் பிழைப்பு அதோடு ஆட்டம் கண்டது. 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ மரபுரிமை நகரமான பிறகுதான் இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களுக்கு இவ்வளவு மவுசு. இடித்துத் தள்ளாமல் விளக்கேற்றி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மனதார மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் யார் முதுகு வளைந்தது என்று உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10% சேவைக் கட்டணமும் 6% சேவை வரியும் தனி.

கேள்வி: சந்தையில் ஃப்ரெஷ்ஷான சால்மன் வாங்கி வீட்டிலேயே சூஷி செய்யலாமா அக்கா?
– வாசகர், பிறை

பதில்: பச்சையாக வேண்டாம். மீன் புதிதாக இருப்பது வேறு, புழு இல்லாமல் இருப்பது வேறு. அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு சாக, மீனை -20 டிகிரி செல்சியசிலோ அதற்கும் கீழோ 7 நாள் உறைய வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. உறைய வைத்தாலும் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே விற்கும் மீனை நம்பகமான கடையில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றே சாப்பிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு வெந்த மீனையே சுருட்டிக் கொடுங்கள்.