தட்டுப் பக்கம் போனாலே உறுமும் நாய்

கேள்வி: எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மணிக்கு இரண்டரை வயது, நாட்டு நாய், குட்டியிலிருந்து வளர்க்கிறோம். காலையில் மாமனார் மீன் வாங்கி வந்ததும் தலையும் வாலும் போடுவார். மதியம் மிச்சச் சோறு. ராத்திரி யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவர் வைப்போம். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று குரைக்கிறான். அவன் சாப்பிடும்போது யாராவது கிட்டப் போனால் உறுமுகிறான். போன வாரம் என் எட்டு வயது மகனைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வை, சரியாகிவிடும்" என்கிறார் மாமனார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் அம்மா. ஆள் கிட்ட வந்தால் சோறு போய்விடும் என்பதுதான் மணியின் பயம். பிடுங்கினால் அந்தப் பயம் நிஜமாகிவிடும். உறுமியதற்காக அடிக்கவும் வேண்டாம். உறுமல் என்பது எச்சரிக்கை. அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை நேராகக் கடிக்கும். "ஒன்றுமே சொல்லாமல் கடித்துவிட்டது" என்று வருபவர்களிடம் விசாரித்தால், முன்பு உறுமியதற்காக அதை அடித்திருப்பது பல நேரம் தெரியவரும்.

முதலில் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை போதும். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள்ளும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேலும் வைத்தால் நன்றாகச் சாப்பிடும். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரே இடம், ஒரே தட்டு. இருபது நிமிடம் கழித்து, அவன் தட்டை விட்டு வேறு பக்கம் போன பிறகு எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை எப்போது என்று தெரியாத நாய்தான் கையில் கிடைத்ததைக் காவல் காக்கும்.

அடுத்தது பழக்கம். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். மணி சாப்பிடும்போது ஏழெட்டு அடி தள்ளி நில்லுங்கள். வாய் அசைவது நின்று, உடம்பு விறைத்து, தலையைத் தூக்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால் அந்தத் தூரம் அவனுக்குப் போதவில்லை. இன்னும் பின்னால் போங்கள். நிம்மதியாகச் சாப்பிட்டால், வேகவைத்த எலும்பில்லாத கோழித்துண்டு ஒன்றைத் தட்டருகே போட்டுவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். தினம் இப்படியே. நீங்கள் வருவதைப் பார்த்து வாலாட்டத் தொடங்கிய பிறகு அரை அடி முன்னேறலாம். வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். இதைப் பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும். மணி சாப்பிட்டு முடிக்கும்வரை பையன் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். இதில் ஒரு வேளைகூடச் சலுகை கிடையாது.

நீங்கள் சாப்பிடும்போது குரைப்பதற்குக் காரணம், எப்போதோ ஒருநாள் யாரோ ஒரு வாய் போட்டதுதான். இனி மணிக்கு முதலில் வைத்துவிட்டு நீங்கள் உட்காருங்கள். யாரும் எதையும் போடக் கூடாது, மாமனார் உட்பட. முதல் சில நாள் குரைப்பு இன்னும் கூடும். அப்போது மனம் இளகிப் போட்டால், பலமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். மாமனாரின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. மீனை வேகவைத்து முள் நீக்கி, காலைச் சோற்றில் அவரே பிசைந்து வைக்கட்டும்.

மிச்சச் சோறு என்றீர்களே, குழம்பு சேராத சோறுதானா? வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் பாயசம், கேசரியும் கூடாது. வேகவைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

இந்த உறுமல் சமீபத்தில் திடீரென்று தொடங்கியதென்றால் பழக்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்வலி, காதுப் புண், உண்ணிக் காய்ச்சல் எதுவும் காரணமாக இருக்கலாம். கடலூர் கால்நடை மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி இந்த வருடம் போட்டாயிற்றா என்றும் பாருங்கள். பல் பட்டுக் கீறல் விழுந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்.