வண்டி வந்துவிட்டது, பிள்ளை உட்கார மாட்டேன் என்கிறான்

இந்த வாரம் மூன்று கடிதங்கள். மூன்றும் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை.

கேள்வி: அக்கா, நாங்க செங்கோட்டை தாண்டி புளியரையில இருக்கோம். மகனுக்கு ஒன்பது வயசு, மூளை முடக்குவாதம். போன வருஷம் ஒரு முகாமில் வீல்சேர் கொடுத்தாங்க. உட்கார வைத்தால் ஒரு பக்கமா சாய்ந்து அழுகிறான். இப்ப வண்டி மேல துணிதான் காயுது. கடன் வாங்கி பேட்டரி வண்டி எடுத்தா சரியாகுமா?

பதில்: தங்கச்சி, கடன் வாங்காதீங்க. ஒரு பக்கமாகச் சாய்கிறான் என்று எழுதியிருக்கீங்க பாருங்க, அதை வைத்துப் பார்த்தால் இருக்கை அவனுக்கு அகலமாக இருக்க நிறைய வாய்ப்பு. வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிசாகக் கொடுத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. செருப்பென்றால் பரவாயில்லை, வண்டிக்கு அது ஆகாது. இடுப்பு நிலையாக நிற்காவிட்டால் முதுகு வளையும், தலை நிற்காது, தலை நிற்காத பிள்ளைக்குக் கையை நீட்டி ஒன்றைப் பிடிக்கவும் முடியாது, சோறு ஊட்டும்போது புரையேறும்; பேட்டரி வைத்தாலும் இதெல்லாம் அப்படியேதான் இருக்கும்.

வீட்டிலேயே ஒரு இஞ்சு டேப் எடுத்துப் பாருங்க. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார வைத்து இடுப்பின் அகலம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை தொடையின் நீளம், மடிப்பிலிருந்து குதிகால் வரை, இருக்கையிலிருந்து தோள்பட்டை வரை. இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் போதும், அகலம் இடுப்பை விடக் கொஞ்சம்தான் கூட இருக்கணும், பாதம் தொங்காமல் பலகையில் பதியணும். இந்த அளவுகளோடு போனால் பேச்சே வேற மாதிரி இருக்கும். தலையும் முதுகும் நிற்காத பிள்ளைகளுக்கென்றே பெல்ட், பக்கத் தாங்கல் எல்லாம் வைத்த சி.பி. சேர் (சி.பி. என்றால் மூளை முடக்குவாதம்தான்) இருக்கிறது, கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் செய்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் கிடைக்கும். அந்தத் திட்டத்தில் ஒரு தடவை கருவி வாங்கினால் மறுபடி வாங்க மூன்று வருஷம் ஆகணும், ஆனால் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போதும். உங்க பையனுக்கு ஒன்பதுதான், அதனால் தயங்காமல் கேளுங்க. பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு வேலையில் இருக்கிறவர்கள். அங்கே பிசியோதெரபிஸ்ட் கையால் ஒரு தடவை பார்த்துவிடுங்க.

இதை விட முக்கியமான ஒன்று. வண்டியில் உட்கார்ந்து அவன் என்ன செய்யணும்? உதவிக் கருவிகள் பற்றிப் பயிற்சி தந்த ஜாய் ஸபாலா என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு வரிசை சொன்னார்: முதலில் மாணவர், அப்புறம் அவர் இருக்கும் சூழல், அப்புறம் அங்கே செய்ய வேண்டிய வேலை, கடைசியில்தான் கருவி. நம்ம முகாம்களில் இது தலைகீழாக நடக்கிறது. காலையில் லாரியில் கருவி வந்து இறங்கும், வரிசையில் நின்ற பிள்ளைக்கு இருப்பதைக் கொடுப்பார்கள், கைதட்டி போட்டோ எடுப்பார்கள், அதோடு சரி. எனக்கு இதில் கோபமே உண்டு. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்தில் 250 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி வேண்டும், அவர்களில் கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கைக்கு எட்டவில்லை. அப்படியிருக்க, கைக்கு வந்ததும் துணி காயப்போடத்தான் ஆகிறதென்றால் வயிறு எரிகிறது.

அதனால் நீங்களே யோசித்து எழுதி வையுங்க. காலையில் எழுந்ததிலிருந்து எங்கே அவனைத் தூக்குறீங்க? வாசல்படி எத்தனை, கதவு எத்தனை அகலம்? உங்க பக்கம் மழைக்காலத்தில் வயல் ஓரப் பாதை சேறாகிவிடும், முன்சக்கரம் சின்னதாக இருந்தால் புதைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் மேசைக்கு அடியில் வண்டி நுழையுமா, கழிவறை வாசலில் திரும்புமா? சாப்பிட, எழுத, விளையாட அவனுக்கு எந்த நிலை வசதி? இதையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்து சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி, வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்க. மாற்றுத்திறனாளி அட்டையில் உள்ள சதவீதம் சலுகைக்குத்தான் உதவும், எந்த வண்டி என்று அது சொல்லாது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை பொருத்தமான உதவிக் கருவியை இலவசமாகத் தரணும் என்கிறது. அதில் ‘பொருத்தமான’ என்று இருப்பதை அழுத்திக் கேளுங்க.

கேள்வி: பாலக்காடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். ஆறு வயது மகளுக்குப் பேச்சு வரவில்லை, நாங்கள் சொல்வது புரிகிறது. பேச்சுப் பரிசோதனை முழுக்க மலையாளத்தில் நடந்தது. வீட்டில் தமிழ்தான். "புரிதல் குறைவு" என்று எழுதிவிட்டார்கள். படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று மாமியார் பயப்படுகிறார்.

பதில்: மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்க, படமும் கருவியும் பேச்சைத் தடுக்காது. அதைப் பார்த்த ஆய்வுகளில் பல பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பரிசோதனையை நான் ஏற்க மாட்டேன். வீட்டில் கேட்காத மொழியில் "பந்தை எடு" என்றால் எந்தப் பிள்ளை எடுக்கும்? தமிழ் தெரிந்த ஒருவரை, இல்லையென்றால் உங்களையே பக்கத்தில் உட்கார வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்க. கேரளத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதற்கு முன்னால் காதும் கண்ணும் சோதித்தாச்சா? இது விட்டுப்போவது சகஜம்.

டேப்லெட்டுக்கு அவசரமில்லை. அட்டையில் எட்டுப் பத்து படம் ஒட்டி ஆரம்பியுங்க: வேணும், வேண்டாம், இன்னும், போதும், வலிக்குது, வா. சாப்பாட்டுப் பெயர் மட்டும் ஒட்டினால் பிள்ளைக்குக் கேட்டு வாங்கத்தான் முடியும், மறுக்க முடியாது. விரலால் தொடுகிறாளா, முஷ்டியால் தட்டுகிறாளா, கண்ணால் பார்த்துக் காட்டுகிறாளா என்று கவனித்து வையுங்க, எந்தக் கருவி என்பதை அதுதான் முடிவு செய்யும். நீங்களும் பேசும்போது அந்தப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசணும், இல்லாவிட்டால் அவளுக்குப் பழகாது. பிறகு டேப்லெட்டுக்குப் போனால், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். நேரில் காட்ட, இரிஞ்ஞாலக்குடை ஸ்டேஷன் இருக்கிற கல்லேற்றும்கரையிலேயே என்.ஐ.பி.எம்.ஆர். என்ற மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாலக்காட்டிலிருந்து ரயிலிலேயே போகலாம்.

கேள்வி: குமுளி. நாலு வயசுப் பையன், காது மெஷின் போட்டதும் கீச்சென்று சத்தம் வருது, பிடுங்கி எறியுறான்.

பதில்: காதுக்குள் வைக்கும் அச்சு அவனுக்குச் சின்னதாகிவிட்டிருக்கும். இந்த வயதில் காது வளர வளர அதைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றணும், மெஷினையே மாற்ற வேண்டியதில்லை. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படிச் சத்தம் வரும், அதையும் டாக்டரிடம் பார்த்துவிடுங்க. உங்க ஊர் மழைக்கும் பனிக்கும் ராத்திரியில் மெஷினை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வையுங்க. பேட்டரியைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்க. விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.